பழைய பாகங்கள்

"கழட்டுங்க தம்பி. எல்லாத்தையும்."

ஆதிகேசவன் கிட்டாரை மேசை மேல் வைத்த கையோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீ செய்யாவிட்டால் நானே செய்துகொள்வேன் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிரசன்னா கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தொம்மலூரில், மாவு மில்லுக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் கிட்டார் ரிப்பேர் பார்ப்பவன் அவன். இந்தப் பேஸ் கிட்டார் ஆதிகேசவனின் மகன் விக்கியுடையது. இரண்டு வருடத்துக்கு முன், இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து விக்கி ஆன்லைனில் வாங்கியது. அவனுக்குக் குட்டை விரல்கள், அதனால் கழுத்தும் குட்டையான ஷார்ட் ஸ்கேல்.

வாங்கிய ஒரு மாதத்தில், "தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்குது ப்ரோ" என்று அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். பொம்மசந்திரா கம்பெனியில் ஆறு நாள் ஷிஃப்ட் போக, ஏழாம் நாள் பிரசன்னாவின் அறையே அவனுக்குக் கோயில் என்று ஆனது அன்றிலிருந்துதான்.

இருவருமாகச் சேர்ந்து, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலியாக்கும் பிக்கப்பை மாற்றினார்கள். நழுவிக்கொண்டே இருந்த ட்யூனிங் சாவிகளை மாற்றினார்கள். உள்ளே செம்புத் தாள் ஒட்டி இரைச்சலை அடக்கினார்கள். முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய பீரோக் கதவிலிருந்து தேக்குப் பலகையை விக்கியே அறுத்துப் பொருத்தினான். அதை வழவழப்பாக்க மூன்று ஞாயிறு உட்கார்ந்து தேய்த்தான்.

ஆதிகேசவனுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. போன வருடம் இதே அறைக்கு வந்து, தன் பிள்ளையைக் கெடுப்பதே பிரசன்னாதான் என்று போட்ட சத்தத்தில், மாவு அரைக்க வந்தவர்களெல்லாம் படியேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு பிரசன்னா அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது இரண்டு மாதமாக விக்கியையும் காணோம்.

"விக்கி எங்க அங்கிள்? போன் பண்ணா எடுக்கவே மாட்றான்."

"அவன் போன் எங்கிட்டதான் இருக்குது."

இருபத்தாறு வயது மகனின் போனையே வாங்கி வைத்திருப்பவரிடம் என்ன பேசுவது? போன வருடம் போல் கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இன்றைக்கு மனிதர் குரலையே உயர்த்தவில்லை.

பழைய பாகங்கள் இல்லையே என்று பிரசன்னா கடைசியாக ஒரு பொய் சொல்லிப் பார்த்தான். ஆதிகேசவன் ஒரு கவரை எடுத்து நீட்டினார். மேலே 'விக்கி, பழசு' என்று பிரசன்னாவின் கையெழுத்து. கழற்றிய எதையும் வைத்துக்கொள்ளாமல் கவரில் போட்டு உரியவரிடமே கொடுத்துவிடுவது அவன் தொழில் சுத்தம். அந்தச் சுத்தத்தின் மேலேயே அவனுக்கு இப்போது எரிச்சலாக வந்தது.

"ஸ்வல்ப யோசிங்க அங்கிள். ரெண்டு வருஷ வேலை இது."

அவர் தன் போனைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினார். வாங்கிய அன்று எடுத்தது. வீட்டு ஹாலில் விக்கி இந்தக் கிட்டாரை மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுல இருக்கிற மாதிரியே வேணும். ஒரு ஸ்குரூகூட மாறக் கூடாது."

வேறு வழியில்லை. கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை வாசித்துக்கொள்ளலாமா என்று மட்டும் பிரசன்னா கேட்டான். கனமான, ஆழமான சத்தம் அறையை நிறைத்தது. ஆதிகேசவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணி நேரம் ஆனது. புது பிக்கப்புக்காக மரத்தில் வெட்டிய பள்ளத்தை ஒன்றும் செய்ய முடியாது, பழைய தகடு அதை மறைத்துவிட்டது. புதிதாகப் போட்ட ஓட்டைகளைப் பசையும் மரத்தூளும் கலந்து அடைத்து, மேலே மார்க்கரால் தீட்டினான். தேக்குப் பலகையை என்ன செய்ய என்று கேட்டான்.

"நீங்களே வெச்சிக்குங்க. வீட்ல அவன் கண்ணுல படக் கூடாது."

பிறகு மொபைல் கடையில் வாங்கிய கண்ணாடித் தாள் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தகட்டின் மேல் ஒட்டச் சொன்னார். புதுச் சாமானில் வருமே, அந்தத் தாள். போட்டோவில் அது இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தபடியே பிரசன்னா அதையும் ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டினான்.

கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். தகர டப்பா.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க அங்கிள். விக்கியை ஒரு தடவை எங்கிட்ட பேசச் சொல்லுங்க, அது போதும்."

ஆதிகேசவன் கிட்டாரைப் பையில் வைத்து, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி மெதுவாக ஜிப்பை இழுத்தார். ஓசூர் ரோட்டில் விக்கி பைக்கிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது என்றார். தலையில் அடி, போன மாதம்தான் கண் விழித்தான், நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றார்.

பிரசன்னா மேசையைச் சுற்றி அவர் பக்கம் வந்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே அங்கிள். என்னைப் பத்திக் கேட்டானா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"நேத்து வாங்கின கிட்டார் எங்கேப்பான்னு கேக்கிறான், தம்பி."