கசார்வாடி அறை

"வீடியோ கால் வேண்டாம் மங்கை. இங்க நெட்வொர்க் சரியில்ல."

கிளம்பிப் போனதிலிருந்து ஹரிபிரசாத் இதையேதான் சொல்கிறான்.

தளேகாவ் ஃபேக்டரியில் அவசர வேலை, ஹடப்சர் வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன். மங்கையர்க்கரசி வயிற்றில் குழந்தையோடு தனியாக இருக்கிறாள். போகும்போது பக்கத்தில்கூட வரவில்லை. வாசலில் நின்றபடியே கையசைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

அவன் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"ஹரி லீவ்ல இருக்காரே மேடம்."

அன்று மாலை எதிர் ஃப்ளாட் ஃபேபியோலா ஆன்ட்டி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்ல வேணாம்னுதான் பார்த்தேன். உன் புருஷன் பைக் கசார்வாடியில ஒரு மாடி ரூமுக்குக் கீழ நிக்குது. எங்க வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போறப்ப தினமும் பார்க்கிறார். ஒரு பொண்ணு வேற வந்துட்டுப் போகுதாம்."

"யார் அந்தப் பொண்ணு?"

"அதை நீதான் கேக்கணும். மாசமா இருக்கிறப்பதான் ஆம்பளைங்களுக்குப் புத்தி கெட்டுப் போகும்."

மறுநாள் காலை மங்கை ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

பைக் அங்கேதான் நின்றது.

படியேறும்போது மேலிருந்து ஓர் இளம்பெண் தோள்பையுடன் இறங்கி வந்தாள். மங்கையின் வயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கையை நீட்டி வழியை மறித்தாள்.

"ஹரியோட மனைவியா? மேலே போகாதீங்க," என்றாள் இந்தியில்.

"என் புருஷனைப் பார்க்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

கையைத் தள்ளிவிட்டு மங்கை மேலே போனாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

"யாருங்க அவ?"

உள்ளேயிருந்து ஹரியின் குரல் பதறியது. "மங்கை, உள்ள வராத. அங்கயே நில்லு."

"நான் பார்க்கக் கூடாதது உள்ள என்னங்க இருக்கு?"

கதவைத் தள்ளினாள்.

பட்டப்பகலில் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. அதற்குள் ஹரி. கண்கள் சிவந்திருந்தன. முகமெல்லாம் தடிப்பு. அவளைக் கண்டதும் வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் அவசரமாகச் செருகினான்.

"அவங்க கார்ப்பரேஷன் நர்ஸ். உனக்கும் டெஸ்ட் எடுக்கணும், இன்னும் ஏன் சொல்லலைன்னு இப்பதான் திட்டிட்டுப் போறாங்க. சொல்ற தைரியம் எனக்குத்தான் வரல."

"எதைச் சொல்ல?"

"எனக்கு ஜிகா வைரஸ், மங்கை. எனக்கு இது வெறும் காய்ச்சல்தான். ஆனா என்னைக் கடிச்ச கொசு உன்னையும் கடிச்சா, நம்ம குழந்தைக்குத் தலை சரியா வளராமயே போயிடலாமாம்."