ராகு காலம் பார்த்துப் போட்ட சிஸ்டம்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின் மாடி அலுவலகத்தில் பெரிய மானிட்டர் இருண்டு கிடக்கிறது. பக்கத்து லேப்டாப்பில் மட்டும் சிவமலர் வரைந்த கல்யாண மண்டபம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. சோபாவில் கோயில் கமிட்டிக்காரர்கள் தே தாரிக் டீயை உறிஞ்சியபடி காத்திருக்கிறார்கள்; படம் அவர்களுக்குப் பிடித்தால்தான் வேலை அவளுக்கு. அவள் கணவன் ஞானசேகரம் மேசைக்கடியில் புகுந்து, ஒரு கோளாறும் இல்லாத ஒயரை மறுபடி பிடுங்கி மறுபடி செருகுகிறான். நேற்று அவளைக் கேட்காமல் லேப்டாப்பில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிய மகான் அவன்தான். "ராகு காலம் முடிஞ்சப்புறம்தான் போட்டேன் லா," என்கிறது மேசைக்கடியிலிருந்து குரல். "அதைப் பார்த்தீங்க. புது சிஸ்டத்துல பெரிய மானிட்டரை வேலை செய்ய வைக்கிற டிரைவர் டிஸ்க் இருக்கான்னு பார்த்தீங்களா?" சிவமலர் கேட்கிறாள். கீழே பூக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. எழுந்து வந்தவன் சாமிப் படத்தடியிலிருந்து விபூதியை அள்ளி மானிட்டரின் உச்சியில் பூசுகிறான்; மிச்சத்தைத் தன் நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொள்கிறான். கமிட்டித் தலைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார். சிவமலர் லேப்டாப்பை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போகிறாள். "அங்கிள், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கிட்ட வந்து பாருங்க." பின்னால், கருத்த திரையில் பட்டை விபூதியோடு அவன் முகம் தெரிகிறது. நேற்றிலிருந்து அந்த மானிட்டரில் தெரிகிற படம் அது ஒன்றுதான்.