நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு

கணவர் லோவெல் புற்றுநோயில் இறந்த பிறகு, அவர்களுடைய சிறிய விமானத்தை ஆர்டிஸ் தனியாகவே ஓட்டினாள். பறக்கும்போது அது லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. வசந்தத்தில் வருடாந்திரச் சோதனையின்போது மெக்கானிக் டுவேனிடம் அதைச் சொன்னாள்.

டுவேன் மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்து எடை பார்த்தார். பதிவில் இருந்ததைவிட நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு கூடுதலாக இருந்தது. தரைத்தகட்டைத் திறந்து தேடியதில் எலி கட்டிய கூடு ஒன்றுதான் கிடைத்தது. மறுபடி பார்த்தார். அதே எடை.

"கணக்குப் போட்டா கூடுதல் எடை எல்லாம் முன்னால வலப்பக்க சீட்டுலதான் விழுது. அங்க ஒண்ணுமே இல்லையே. காரணம் தெரியாம ஓட்டாதீங்க, ஆர்டிஸ்."

ஆஸ்பத்திரியில் லோவெலைக் கடைசியாக எடை பார்த்தபோது இருந்த எடை அது.

"பதிவுல ஏத்திருங்க. அந்த எடைக்கு நான் பெட்ரோலைக் குறைச்சுப் போட்டுக்கறேன்" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் ஏரிகளுக்கு மேலே தாழ்வாகப் பறந்தாள்.

அடுத்த வசந்தத்தில் அவளே எடை பார்க்கச் சொன்னாள். டுவேன் இரண்டு தடவை பார்த்தார்.

"இன்னும் முப்பது கூடியிருக்கு" என்றார் தயக்கத்துடன்.

"உடம்பு தேறிட்டு வருது போல" என்றாள் ஆர்டிஸ். பிறகு உள்ளே குனிந்து, வலப்பக்க இருக்கையின் பெல்ட்டைச் சற்றே தளர்த்திவிட்டாள்.