மறதி மாப்பிள்ளை

"உப்பு எங்கே மாப்பிள்ளை?"

முதல் வாய் உள்ளே போனதும் மாமியார் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ... இன்னைக்கும் மறந்துட்டேன் அத்தை!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னைக்கும் என்றால்? ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வந்தவள், அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்று தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்க வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

சமையல் என்னவோ அவள் கண்ணெதிரேதான் நடந்தது. தங்கைக்குத் துணிக்கடையில் வேலை. கடை மூடி வர நேரமாகும். லிஃப்ட் மெக்கானிக்கான தங்கை கணவர்தான் முதலில் வீடு திரும்புவார். வந்ததும் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். இருக்கிற காயை நறுக்கி, அரிசி பருப்போடு ஒரே குக்கரில் போட்டார். கடைசியில் பூண்டைத் தாளித்துக் கொட்டினார். தங்கை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சாப்பாடு மேஜைக்கு வந்துவிட்டது. வாசனை ஆளைத் தூக்கியது. உப்புதான் இல்லை.

"உப்பு வண்டி வருது, வழி விடுங்க!"

தங்கை மகள் உப்பு ஜாடியை மேஜை மேலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா, அம்மா, பெரியம்மா என்று ஆளுக்குக் கொஞ்சம் தூவிக்கொண்டார்கள். பாட்டி தட்டருகே மட்டும் வண்டி நிற்கவில்லை.

"ஏய் வாண்டு, பாட்டிக்குக் குடுக்கல?" என்று கேட்டாள் பெரியவள்.

"எனக்கு வேண்டாம்டி," என்றாள் அம்மா. "இவர் என்னைக்கு மறக்காம உப்பு போடுறாரோ, அன்னைக்குத்தான் நானும் உப்பைத் தொடுவேன். சபதம்!"

"அம்மா..."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? இதே கை லிஃப்ட்ல ஒரு ஸ்க்ரூவை மறந்தா என்ன ஆகும்? ஏறினவன் மேல் மாடிக்கா போவான்? நேரா மேலோகம்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவர் மாப்பிள்ளைதான். அம்மா திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றவள் தினமும் சப்பென்று சாப்பிடுகிறாள், இதில் இவர்களுக்கு விளையாட்டு வேறு! பேசாமல் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அவள் வீட்டுச் சமையல்காரம்மா உப்பை மறக்கிற ரகமில்லை.

சாப்பாடு முடிந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. அம்மாவை நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

தேய்த்துக்கொண்டிருந்த குக்கர் அவர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"ஏன்க்கா?"

"ஒரு நாள் மறந்தா மறதி. தினமும் மறந்தா அதுக்குப் பேர் அலட்சியம்."

அவர் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மறதி இல்லைக்கா. அத்தைக்கு உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். முதல்ல அவங்களுக்கு மட்டும் தனியா சமைச்சோம். 'என்னைத் தனியா ஒதுக்கிட்டீங்களா'ன்னு தட்டைத் தள்ளிட்டாங்க. சரியா சாப்பிடாம பாதி ஆளாயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எல்லாருக்குமே உப்பு போட 'மறக்க' ஆரம்பிச்சேன்."

"அம்மாவுக்கு இது...?"

"தெரியவே கூடாதுக்கா. தன்னால எல்லாருக்கும் கஷ்டம்னு தெரிஞ்சா மறுபடியும் தட்டைத் தள்ளிடுவாங்க. நல்லவேளை, கோபத்துல ஒரு சபதமும் போட்டுட்டாங்க. என் வேலை சுலபமாயிடுச்சு!"

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது.

"தள்ளுங்க தம்பி," என்று குக்கரைப் பிடுங்கித் தேய்க்க ஆரம்பித்தாள்.

காலையில் அவளை ஸ்டேஷனில் விடுவதற்காக அவர் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைத் தூக்கியவள் மனசு கேட்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

"உன் மாப்பிள்ளை தங்கம், அம்மா. இனிமே அவரைத் திட்டாதே."

"நல்லா இருக்குடி! திட்டுறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

பெரியவள் கையிலிருந்த பை கீழே இறங்கியது.

"அம்மா! உனக்கு எப்படி...?"

"வேலையில ஒரு ஸ்க்ரூவைக் கூட மறக்காத மனுஷன் உப்பை மட்டும் தினமும் மறப்பாராக்கும்! பின்னே எதுக்குடி அந்தச் சபதம் போட்டேன்?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"மாப்பிள்ளை! இன்னைக்காவது உப்பை மறக்காதீங்க!"

"கண்டிப்பா அத்தை!" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அம்மா மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு ஊர் சொல்லும். உப்பு போடாதவரை உயிர் இருக்கிற வரைக்கும் நினைக்கப் போறவ நான் ஒருத்திதான்டி!"