வைஃபைக்கு வைத்த பொட்டு

செல்போன் அலறியதும் சுலோசனா கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள். வீட்டுக்குள் மணி அடிக்கிற அளவுக்குத்தான் சிக்னல். படியில் பாதி ஏறினால்தான் பேச்சு கேட்கும்.

"என்னம்மா, வைஃபை வந்துச்சா?" அமெரிக்காவிலிருந்து மகன் யஸ்வந்த்.

"ரமணா வந்துக்கினு இருக்கான்பா."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிக்கினு இருக்க. இன்னிக்குச் சாயங்காலம் விட்டா அப்புறம் முடியாதும்மா."

அவன் கோபித்துக்கொள்வதுகூட அவளுக்கு இனித்தது. எப்போதாவது கூப்பிட்டு, நல்லா இருக்கியா என்று கேட்ட கையோடு வைத்துவிடுகிறவன், இந்த வாரம் முழுக்கத் தினமும் கூப்பிட்டான். வீடியோவில் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். பின்பக்கத்து மாமரம் இந்த வருஷம் காய்த்ததா, கிணற்றில் தண்ணீர் எதுவரை இருக்கிறது, மழைக்கு மாடி ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று எதிர்வீட்டு ஸ்ரீதேவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து வைஃபை போயிற்று. அதுவும் அவள் கையால்.

உள்ளே கட்டிலில் புருஷன் முனிகிருஷ்ணன் கிடந்தார். சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் பாய்லர் பார்த்த மனிதர். உகாதிக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்து கை, கால், பேச்சு எல்லாம் போயின. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யஸ்வந்த் விசா சிக்கல் என்றான், வரவில்லை. வீடியோவில் பேசலாம் என்றுதான் வைஃபை போட்டார்கள். அவனுக்கு மீட்டிங் ஒழியவில்லை. போன் அடித்தால் அவர் கண் மட்டும் சத்தம் வந்த பக்கம் போகும். நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. ஒரே ஒரு தரம் மகன் முகத்தைக் கண்ணில் காட்டிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

பைக் சத்தம் கேட்டது. நகரியிலிருந்து ரமணா வந்துவிட்டான். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நெட் லைன் பார்க்கிறவன். அலமாரி மேலிருந்த வைஃபை பெட்டியை எடுத்தவனுக்குச் சிரிப்பு வந்தது. நெற்றியில் இடுகிற மாதிரி நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"பெரிம்மா, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்க, சரி. உள்ள எதுனா குத்தினீங்களா?"

"பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை. தூசு அடைச்சிக்கினு இருந்துச்சு. தொடப்பக் குச்சியால நோண்டினேன்."

"அது ரீசெட் ஓட்டை பெரிம்மா. கம்பெனியிலேர்ந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படி ஆயிடுச்சு. பேரு, பாஸ்வேர்டு, எல்லாம் மறந்துட்டுக் குந்திக்கினு இருக்குது."

"உங்க பெரியப்பா மாதிரியா?"

"அவரு எதையும் மறக்கல. கண்ணப் பாருங்க, நம்மளத்தான் பாத்துக்கினு இருக்காரு."

பெட்டியின் அடியில் பழைய பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும் என்று ரமணா திருப்பிப் பார்த்தான். பூஜைக்காக அவள் ஈரத்துணியால் தேய்த்த தேய்ப்பில் எழுத்தே இல்லை. லேப்டாப்பை வயரில் மாட்டினான். பெட்டியோடு தொடர்பு கிடைத்தது, நெட் வரவில்லை. வீட்டு லைனுக்கான ஐடியும் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. படியில் நின்று ஆபீசுக்குப் போன் போட்டான். எடுத்த பெண் தெலுங்கில், சார் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

அதற்குள் யஸ்வந்த் மறுபடி கூப்பிட்டான். எல்லா ரூமிலும் லைட் போட்டு வைக்கச் சொன்னான். கூடத்தில் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடச் சொன்னான். சுலோசனா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

அந்த இடைவெளியில் புருஷனுக்கு முகம் துடைத்தாள். தலை வாரினாள். சலவைச் சட்டையை ஒரு கை, அப்புறம் ஒரு கை என்று மெல்ல நுழைத்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தாள்.

"உங்க புள்ள வர்றான். அழுது வெக்காதீங்க, பாவம், அங்க தனியா இருக்கறவன்" என்றாள்.

ஆபீசிலிருந்து ஐடி வந்தது. ரமணா தட்டிக்கொண்டே, வைஃபைக்கு என்ன பேர் வைக்க என்று கேட்டான்.

"முன்ன என்ன இருந்துச்சு?"

"யஸ்வந்த்துன்னு."

"அதையே வெய்யி."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் போனிலும் மாட்டிக் கொடுத்துவிட்டு ரமணா கிளம்பினான். காபி குடிக்கக்கூட நிற்கவில்லை. புத்தூரில் இன்னொரு வீட்டிலும் நேற்று இதே மாதிரி பூஜை நடந்திருக்கிறதாம்.

சொன்ன நேரத்துக்கு வீடியோ அடித்தது. இந்தத் தடவை படிக்கு ஓட வேண்டியதில்லை. சுலோசனா கட்டில் ஓரமாக உட்கார்ந்து, புருஷன் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தொட்டாள். யஸ்வந்த் தெரிந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது.

"இங்க பாருங்க, யஸ்வந்த் வந்துட்டான்."

முனிகிருஷ்ணனின் கண்கள் மெல்ல நகர்ந்து போனுக்கு வந்து நின்றன. கோணிய வாய் அசைந்தது. உன் நைனா உன்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார், கொஞ்சம் கிட்ட வா என்று அவள் போனை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

யஸ்வந்த் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாகச் சொன்னான்:

"போனை ஹால் பக்கம் திருப்பும்மா, நீயும் பேசிடாத, வீடு வாங்கறவங்க இப்ப லைன்ல வந்துடுவாங்க, வீடு காலியாத்தான் இருக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."