கடைசி வால்ட்ஸுக்குச் சோடி

“கடைசி வால்ட்ஸுக்கு ஆரும் சொல்லிவைச்சிருக்கினமோ, அக்னெஸ்?”

வந்துவிட்டான் வின்சன்ட்! ஒரு ஞாயிறாவது தவறுகிறானா பாருங்கள்.

பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில், தேவாலயத்துக் கீழ்மண்டபத்தில் நடக்கிற சோடி ஆட்டம் அது. எண்பத்தாறாம் வருசத்து மார்கழியில், அந்தக் கூட்டத்தில் தமிழ் முகம் இவர்கள் இரண்டுபேருடையதுதான். இருவரும் மட்டக்களப்பிலிருந்து அகதியாய் வந்தவர்கள்.

ஆட்டத்தை நடத்தும் கத்தரின் கிழவி ஒழுங்கில் கெட்டிக்காரி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆடக் கேட்க மட்டும்தான் ஆண் பெண்கள் பக்கம் வரலாம், அதுவும் ஒருத்தியிடம் ஒரேயொரு பாட்டுக்கு. மாட்டேன் என்ற பெண் அந்தப் பாட்டுக்கு வேறு யாரோடும் ஆடக்கூடாது. அவளைத் தனியே விடாமல், பாட்டு முடியும்வரை கேட்டவனே பக்கத்தில் இருக்கவேண்டும்.

கடைசிப் பாட்டான வால்ட்ஸுக்குச் சோடி சேர்ந்தவன் அவளை வீடுவரை கொண்டுபோய் விடவேண்டும். பிறகு என்ன பேச்சு அடிபடும் என்று சொல்லவும் வேண்டுமா? அதனால் அக்னெஸ் வாராவாரம் மாட்டேன் என்பாள். வின்சன்ட் பக்கத்தில் உட்கார்ந்து பனி, பஸ், மீன்குழம்பு என்று ஓயாமல் அலட்டுவான். அவள் ‘உம்’ கொட்டுவாள்.

இந்த வாரம் அவளுக்கே தனிமை பொறுக்கவில்லை. தையல் ஃபாக்டரி விட்டால் அறை, அறை விட்டால் ஃபாக்டரி. சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. இத்தனை தரம் கேட்கிறவன் நல்லவனாய்த்தான் இருப்பான் என்று துணிந்து, நீலச் சேலை உடுத்து வந்திருந்தாள்.

“ஒருத்தரும் சொல்லிவைக்கேல்ல. நான் வாறன்,” என்றாள்.

வின்சன்ட்டின் முகம் செத்துப்போனது.

“என்ன, கேட்டுப்போட்டு இப்பிடி நிக்கிறீங்க?”

“நீங்க... மாட்டன் எண்டு சொல்லுவீங்க எண்டுதான் வந்தனான்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்ப இவ்வளவு நாளும் பகிடிக்கோ கேட்டனீங்க?”

“ஐயோ, இல்ல! எனக்கு ஆடவே தெரியாது, அக்னெஸ். வேலையில பொன்ஜூர், மெர்சி. அறையில சுவர். நீங்க மாட்டன் எண்டாத்தானே, பாட்டு முடியுமட்டும் தமிழ் கதைக்க எனக்கொரு ஆள் இருக்கும்? கடைசிப் பாட்டுத்தான் நீளம்.”

வால்ட்ஸ் தொடங்கியது. அக்னெஸ் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டன்,” என்றாள். “இருங்க. சாப்பிட்டீங்களோ?”