லேகியக் கிண்ணம்

"கர்ப்பத்துல வந்த சர்க்கரை, புள்ளைக்குப் பால் குடுத்தா இறங்கும்னு டாக்டர் சொன்னாங்க அத்தை. இந்த வெல்ல லேகியம் வேணாமே," மருமகள் கௌசல்யா அலுத்துப்போய்க் கெஞ்சினாள்.

"லேகியம் தின்னாம, பால் யாங்கோன் ஆத்துலேருந்தா வரும்?"

ராமலெட்சுமி தினமும் கிளறிக் கொடுத்தாள். வழித்து நக்கிய கிண்ணம் தினமும் திரும்பிவந்தது.

ஆறு வாரம் கழித்து, பபேடான் பேட்டைக் கிளினிக்கில் எல்லோரும் தூக்கமில்லாமல் சரிந்திருந்தார்கள், துணைக்கு வந்த மகன் விவேக் உட்பட.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு," என்றார் டாக்டர்.

"பால் குடுத்துமா இறங்கலே?" ராமலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, நான்தான்..."

"பால் குடுத்தவங்களுக்கு இறங்கிடுச்சும்மா. உங்க மகன் தண்ணி தண்ணின்னு தவிச்சாரேன்னு அவருக்கும் விரல்ல குத்திப் பார்த்தேன். அவருக்குத்தான்."

ராமலெட்சுமி மகனைப் பார்த்தாள்.

"அவ திங்கலே. கீழே கொட்டினா நீ திட்டுவேம்மா," என்றான் விவேக், களைப்பாக.